பங்குனிக்குப் பங்குனி வருகிறவர்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்தில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலையில் புளி உடைக்கும் கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிறவர். கட்டைவிரல் நகம் கருத்திருந்தது. நான் எடுத்த அந்துப்பூச்சிப் படங்களைக் கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பழுப்பு இறக்கையில் கண்போலச் சுழி போட்ட பூச்சி. மூச்சுக்காற்று பட்டால் பறந்துவிடும் என்பதுபோல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“எங்க வூட்டுக்காரருங்க இது,” என்றார். “அவரு செத்ததுல இருந்து பங்குனிக்குப் பங்குனி வந்து செவுத்துல குந்திக்கினு இருப்பாரு. இதும் பேரு இன்னாங்க?”

பெயர் சொல்லக் கிடைத்தால் எனக்கு நிதானம் போய்விடும். “ஆந்தைக்கண் அந்துப்பூச்சி. ரொம்ப சாதாரணமானதும்மா, இந்த மாசத்துல எல்லா வீட்டுக்கும் வரும்,” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் முகம் வாடவில்லை.

“மெய்யாலுமா? எல்லா வூட்டுக்குமா?” என்றார். “எதிர் வூட்டு அக்கா அழுதுக்கினே கெடக்குதுங்க. உன் வூட்டுக்காரரு வர்றாரே, செத்துப்போன என் புள்ள மட்டும் ஏன் வரலன்னு. போயி, லைட்டப் போட்டு செவுத்த நல்லா பாருக்கான்னு சொல்றேன்.”

கச்சிராயபாளையத்தில் பேருந்து நிற்பதற்குள் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போனார். பூச்சிக்குப் பெயர் சொல்லி எத்தனையோ பேரைக் கொட்டாவி விட வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு அப்படி ஓடியவர் அவர் ஒருவர்தான்.