நல்ல நேரத்தில் புறப்பட்ட பெட்டி

சென்னையில் நடக்கவிருந்த சர்வதேச ஆசிரியர் மாநாட்டில் பேச எனக்கு அழைப்பு வந்திருந்தது. கொழும்புக்குப் பலமுறை அலைந்து இந்திய விசாவும் வாங்கிவிட்டேன். ஆனால் மாத்தளையில் ரயில் புறப்படும் நேரம் ராகுகாலம்.

“முந்தின நாளே நல்ல நேரத்துல பெட்டியப் பக்கத்து வீட்டுல வச்சிட்டா, பயணம் கிளம்பின மாதிரித்தானேங்க?” என்றாள் மனைவி.

எங்கள் வழக்கமும் அதுதான். பாஸ்போர்ட், பயணச்சீட்டு, நான் எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, மிளகு வியாபாரி இஸ்மாயில் நானாவின் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் காலை அவர் வீடு பூட்டிக் கிடந்தது. கலேவெலயில் அவருடைய உம்மா இறந்துவிட்டாராம். விடியுமுன்பே குடும்பத்தோடு போய்விட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

“பூட்ட ஒடச்சிருவோமா?” என்றாள் மனைவி.

“தாயை அடக்கம் பண்ணப் போன மனுசன் வீட்டுப் பூட்டையா?” என்று எரிந்து விழுந்தேன்.

அந்த ரயிலை விட்டால் தலைமன்னாரில் கப்பல் கிடைக்காது. அந்தக் கப்பலை விட்டால் மாநாடு முடிந்துவிடும். இரண்டையும் விட்டேன்.

மாலையில் நானாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “மவுத்துன்னதும் ஓடிட்டோம் மாஸ்டர், ஒங்க பெட்டி நெனப்பே வரல்ல” என்று அழுதார். அவரைத் தேற்றி அனுப்பினேன். அப்படியோர் அழைப்பு எனக்குப் பிறகு வரவேயில்லை.

இப்போது கொழும்புக்குப் போவதானாலும் பக்கத்து வீட்டில் ஒரு துண்டை மட்டும்தான் வைக்கிறேன். முக்கியமான காகிதங்கள் என் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்று நல்ல நேரத்தில் என் பெட்டி புறப்பட்டது. நான்தான் இன்னும் புறப்படவில்லை.