பஸ்ஸுக்குள்ள என்ட புருசன்ட சத்தம்

வேலை முடிஞ்சு புத்தளத்துல கற்பிட்டி பஸ் ஏறினேன். கால் ரெண்டும் வீங்கிப் போயிருந்திச்சு. சீட்டுல சாஞ்சு கண்ண மூடினா, பக்கத்துல இருந்த, முன்னப்பின்னத் தெரியாத ஒரு ராத்தாட போன்ல என்ட புருசன்ட சத்தம்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றேன். அவரும் கூட்டாளியும் பேஸ்புக் லைவ்ல விளையாட்டு நிகழ்ச்சி செய்றாங்க. பேருக்குத்தான் விளையாட்டு. இண்டைக்குப் பந்தடி ஃபைனலப் பத்திக் கதைக்கத் தொடங்கி, கோல் கீப்பர்ட தலைமுடி, புதுப் படத்து ஹீரோட தலைமுடி எண்டு போய், கடைசியா வீட்டுச் சாப்பாட்டுல வந்து நிண்டாங்க.

ராத்தா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணத் துடைச்சாங்க. "இந்த மனுசன்ட பொஞ்சாதி குடுத்து வச்சவ புள்ள. வீடு எந்நேரமும் கலகலண்டு இரிக்கும்."

"ஓம் ராத்தா" எண்டேன்.

வீட்டுல அந்த மனுசன் ஒரு நாளைக்குக் கதைக்கிறது நாலு சொல்லு. அதுல ரெண்டு, "சார்ஜர் எங்க?"

"ராவைக்கு என்ன ஆக்க?" எண்டு தினமும் கேப்பேன். போனப் பார்த்துக்கிட்டே "ம்" எண்டுவார்.

என்ன நினைச்சேனோ, என்ட போன எடுத்து அதே கேள்விய லைவுக்குக் கீழ எழுதிப் போட்டேன். பேரைக்கூடப் பார்க்காம உடனே வாசிச்சார். பாரை மீன் ஆணம், முருங்கக்கீரைச் சுண்டல், மாசிச் சம்பல் எண்டு, பஸ் பாலாவியில நிக்கக்குள்ள தொடங்கி நுரைச்சோலை வந்து சேரும் வரைக்கும் விளக்கம். கடைசியில, "கேட்ட சகோதரிக்கு நன்றி."

கல்யாணம் முடிச்சு பதினொரு வருசம். இந்தக் கேள்விக்கு இதுதான் முதல் பதில்.

புள்ளட ஸ்கூல் மீட்டிங்குக்கு யார் போறதெண்டும் கேக்கணும். நாளைக்கு லைவ் எத்தனை மணிக்கெண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.