படம் முடிந்த பிறகு வருகிறவர்

சிடிகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டுத் தூக்கிப் போடுவதா என்று எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகச் சண்டை. சண்டை போடுகிறது நான் ஒருத்திதான். எந்தப் பக்கம் நின்று கத்துகிறேன் என்று எனக்கே பாதி நேரம் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஏரலில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போனதில் ஆரம்பித்தது இது. மர அலமாரியின் அடித்தட்டு ஊறி உப்பிவிட்டது. உள்ளே இருந்த சினிமா சிடி எல்லாம் சேறு. வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து ஒவ்வொன்றாகக் கழுவி மொட்டை மாடியில் பாய் விரித்துப் பரப்பினேன். திருநெல்வேலி டவுணில் வேலை பார்க்கிற மகள், லீவுக்கு வந்தவள், அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உம்மா, இதுல உள்ள அத்தனை படமும் சோப்புக்கட்டி அளவு பெட்டிக்குள்ள அடங்கிரும். இதைப் போட்டுக் கழுவிக்கிட்டு இருக்கிய!"

அட்டைகளில் இருந்த படப் பெயர்களை எல்லாம் போனில் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த தடவை வரும்போது பெட்டியோடு வந்து டிவியில் சொருகினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. நடிகையின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது. என் சிடியில் முகமே கட்டம் கட்டமாகத்தான் வரும். கடைசி வரை பார்த்தேன். படம் முடிந்ததும் மறுபடியும் படங்களின் வரிசை வந்து நின்றது.

"இதுக்கு அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? படம் முடிஞ்சிட்டுல்லா."

"நம்ம சிடியில இருந்துதான எடுத்த?"

"அந்தச் சேத்துல இருந்து யாரு எடுப்பா? அதே படம்தான். நல்ல பிரிண்டாப் பாத்து ஏத்தியிருக்கேன்."

அதே படம்தான். எனக்கு வேண்டியது படம் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் மாமி, கொழுந்தன், நாத்தனார்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. என் வீட்டுக்காரர் சவூதியில். போன் நடுவீட்டில். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். ஊருக்கு வருகிறவர்களிடம் சினிமா சிடி கொடுத்துவிடுவார். ஒரு நாள் போனில், "படம் முடிஞ்ச உடனே நிறுத்திராதளா, மிஷின் கெட்டுரும்" என்றார். கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். படம் முடிந்து எல்லாரும் தொழுகைக்கு எழுந்து போனார்கள். நான் நிறுத்தாமல் விட்டுவிட்டு டீ கிளாசைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கறுப்பாகக் கிடந்த டிவியில் திடீரென்று இவர். பனியனோடு இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அறையில் கூட இருந்தவரின் கேமராவில் பேசிப் பிடித்து, படத்துக்குப் பின்னால் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

காதல் வசனமெல்லாம் கிடையாது. மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பார். கொய்யா காய்க்கிறதா என்பார். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கட்டும் என்று சும்மா என்னையே பார்ப்பார். நானும் டிவியைப் பார்த்துப் பதில் சொல்லுவேன். பெரும்பாலும் ஏசுவேன். அதற்குப் பிறகு வந்த சிடிகள் பலதிலும் கடைசியில் இவர் இருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த மனுஷர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனைத் தேய்க்கிறார். ஏதாவது கேட்டால் "ம்" என்கிறார். ஆளே இங்கே இருக்கும்போது சிடிக்குள் இருக்கிற ஆள் எனக்கு எதற்கு? தெரியவில்லை. தெரியாததால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

அலமாரி ஊறிப் போனதால் சிடிகளை மாடியிலேயே விட்டிருந்தேன். மகள் ஊருக்குப் போன மறுநாள் போய்ப் பார்த்தால் பாய் காலியாகக் கிடந்தது.

"சிடியெல்லாம் எங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"தம்பிகிட்டக் குடுத்தேன். மயிலு வயல்ல விழுந்து நெல்லைத் திங்குதாம். வெயில்ல இது மின்னுனா வராதுல்லா." தலையைத் தூக்காமல் சொன்னார்.

நான் ஏசியதை இங்கே எழுத முடியாது. வயலுக்கு ஓடினேன். கொழுந்தன் கம்பு நட்டு, சிடி ஓட்டையில் நூலைக் கோர்த்து, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

"நல்லா வேலை செய்யுது மைனி. ஒரு மயிலு மட்டும் வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருக்கு. படம் பிடிச்சுப் போச்சு போல."

"அவுத்துத் தாங்க எல்லாத்தையும்."

"அண்ணன்தான குடுத்தாவ?"

"உங்க அண்ணனைக் கட்டித் தொங்கவிடுங்க. ஒரு மயிலும் இந்தப் பக்கம் வராது."

எங்கள் பிளேயர் வெள்ளத்தில் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். பல சிடி கீறல் விழுந்து ஓடவே இல்லை. ஒன்று ஓடியது. படத்தை வேகமாகத் தள்ளிவிட்டேன். கறுப்புத் திரை. பிறகு பனியன், கட்டில், கறுத்த தலைமுடியோடு இவர்.

"நான் ஒரேயடியா ஊருக்கு வந்துட்டா எங்கூட என்னளா பேசுவ?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்காலியில் இருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இது இதுலயா இருந்துச்சு? மறந்தே போயிட்டேன்ளா. பிள்ளைகிட்டக் குடுத்து ஏத்தச் சொல்லு. இதுவும் போயிரும்."

"குடுத்தா அவ பாப்பாளே."

யோசித்தார். "அப்போ வேண்டாம். போனாப் போவட்டும்."

"போவட்டுமா?"

"சரி, குடு."

"அவ பாத்துட்டு வாட்ஸ்அப்புல போட்டா? உங்க தங்கச்சிமாரு வரைக்கும் போவும்."

"அப்போ குடுக்காத."

அவருக்கும் தெரியவில்லை. சிடியிலேயே விட்டால் எனக்கு மட்டும் இருக்கும், ஆனால் ரொம்ப நாள் இருக்காது. பெட்டியில் ஏற்றினால் இருக்கும், ஆனால் எனக்கு மட்டுமே என்று இருக்காது.

மகளுக்குப் போன் போட்டு, சிடியிலிருந்து ஏற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடு என்றேன். "நீங்க எதுக்கு உம்மா இதெல்லாம் படிக்கிய?" என்றாள். "சொல்லிக் குடுன்னா குடு" என்றேன். அடுத்து வந்தபோது அவளுடைய பழைய லேப்டாப்பைத் தந்து சொல்லிக் கொடுத்தாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஓடுகிற அந்த ஒன்றை நானே ஏற்றினேன். என்ன பெயர் வைக்க என்று அது கேட்டது. யோசித்து யோசித்து, அந்தச் சினிமாவின் பெயரையே போட்டேன்.

இனி சிடியைத் தூக்கிப் போட்டுவிடலாம்தானே? கையில் எடுத்தேன். வயலில் கட்டிய நூல் இன்னும் ஓட்டையில் கிடந்தது. கொண்டுபோய் அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது அவர், "ஏறிட்டா?" என்றார்.

"ஏறிட்டு."

வழக்கமாக இதோடு "ம்" என்று முடிந்துவிடும்.

"நான் சிடியில அப்படிக் கேட்டதுக்கு நீ அன்னைக்கு என்னளா சொன்ன?"

எனக்கு நினைவில்லை. "ஏசியிருப்பேன்" என்றேன்.

"அதான், என்னன்னு ஏசின?" என்றார், போனைக் கீழே வைத்துவிட்டு.