சிறியதற்கு யோசித்த பெயர்

1931 மாசியில் நான் எழுதிய குறிப்பு இது: "ராயபுரம் கடற்கரையில் வாங்கிய நாக்கு மீன்களின் செவுளில் இருவகை ஒட்டுண்ணிகள். இறாலுக்குத் தூரத்து உறவு. பெரியது அரிசி நீளம், பின்னால் இரண்டு முட்டைச் சரங்கள். சிறியது கடுகிலும் சிறிது, உடலமைப்பு முற்றிலும் வேறு. தனிப் பேரினமே."

அந்தப் புதிய பேரினத்துக்குப் பெயரும் யோசித்துவிட்டேன். விலங்கியல் அறிஞர்களுக்கு எழுதுமுன் இன்னும் சில மீன்களைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனேன். வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்களே என்று மீன்காரி கன்னியம்மா கண்ணில் பட்ட பெரிய ஒட்டுண்ணிகளை நகத்தால் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். அதை அன்றுதான் கவனித்தேன். கிள்ளாமல் தரும்படி கேட்டேன்.

"இன்னா சார், மீனு துன்ன வாங்குறியா, பேன் பாக்க வாங்குறியா?"

மணலிலேயே உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எந்த மீனிலும் சிறியது செவுளில் இல்லை. பெரியதன் உடம்பில், முட்டைச் சரங்கள் தொடங்கும் இடத்தில் பற்றிக்கொண்டிருந்தது. அவள் கிள்ளும்போது செவுளில் உதிர்ந்தவற்றைத்தான் நான் தனிப் பேரினம் என்றிருக்கிறேன்!

"சின்னது இதோட புருஷன், கன்னியம்மா" என்றேன்.

"பொண்டாட்டி மேல குந்திகினே காலத்த ஓட்டுதா? எங்கூட்லயும் ஒண்ணு கீது, அதுக்கும் ஒரு பேரு வச்சிட்டுப் போ!"

என் பேரினம் போயிற்று, ஆனாலும் சிரித்தபடிதான் வீடு திரும்பினேன். வேறுபாடுகளை அத்தனை கவனமாக அளந்த எனக்கு, இரண்டும் எங்கே சேர்ந்திருந்தன என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆண் தானே இரை கொள்கிறதா, பெண்ணிடமிருந்தே உறிஞ்சுகிறதா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.