பாதிக் கணக்கு

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை. வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். பதினோரு பெயரில் ஆறு பேர் வந்திருந்தார்கள். அப்போதுதான் எஸ்தர் டீச்சரின் தங்கை போன் செய்தார். "சார், அக்கா விடியக்காலம் ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க." பிள்ளைகளை வெளியே விளையாடச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடினேன்.

மலைமேல் அரியூர் நாட்டில் எங்களுடையது இரண்டு ஆசிரியர் தொடக்கப்பள்ளி. நான் தலைமை ஆசிரியன், எஸ்தர் டீச்சர் கீழே ராசிபுரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை. ஒரே அறையை நடுவில் ஒரு பீரோவை வைத்துப் பிரித்துக்கொண்டு ஒன்பது வருடம் பாடம் நடத்தினோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் குரலும் தெரியும். அந்தப் பக்கம் அவர் பெருக்கல் நடத்தினால் இந்தப் பக்கம் என் தமிழ்ப் பாடம் காணாமல் போய்விடும்.

பண்டிகை நெருங்கினால் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது. நான் மேசையைத் தட்டி அதட்டுவேன். அவரோ அந்தக் கும்மாளத்தையே பாடமாக்கிவிடுவார். இரண்டு வருடம் முந்தைய பொங்கலின்போது, "பத்துக் கரும்பு இருக்குது. மூணு ஊட்டுக்குச் சமமாக் குடுக்கணும். எப்படிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு மூன்று, மீதி ஒன்று என்று வகுப்பே கத்தியது. மூன்றாம் வகுப்பு தேன்மொழி மட்டும் எழுந்து, "மீதி எதுக்குங்க டீச்சர்? ஒடிச்சுக் குடுத்தாப் போச்சு" என்றாள். "வா சாமி, வந்து ஒடி" என்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். பின்னம் என்ற பெயரைச் சொல்லாமலே அன்று பின்னம் நடந்து முடிந்தது.

"லீவுச் சந்தோசத்த அடக்காதீங்க சார். அதும்மேல ஏறி உக்காந்துட்டா அதுவே நம்மள இழுத்துட்டுப் போயிரும்" என்பார். எனக்கு எரிச்சல் வரும். பொறாமை என்பதே சரி. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

விடுமுறைக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் கீழே போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிவர வேண்டும். அடிவாரத்தில் ஒன்றில் தொடங்கி, மேலே எழுபது வரை ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது. "எறங்கையில கழித்தல், ஏறையில கூட்டல். ரெண்டும் எண்ணினாத்தான் கணக்கு முடியும். பாதிக் கணக்கோட கீழயே நின்னுராதீங்க கண்ணு." இதற்கென்று ஒரு நோட்டும் வைத்திருந்தார். பிள்ளைக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி: இறங்கியது, ஏறியது.

அது விளையாட்டு மட்டும் இல்லை. பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகும். கூடப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்புவதில்லை. இன்னும் நாலு பேர் குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள். முடியாத கணக்கு ஒன்று இருந்தால் அதை முடிக்கவாவது வருவார்கள் என்று அவர் நம்பினார். எனக்குத் தெரிந்து அப்படி வந்தவன் ஒரே ஒருவன். அவனும் ஏறும்போது முப்பதாவது வளைவில் தூங்கிப்போனான்.

சென்ற ஆண்டு தேன்மொழியின் அப்பா வந்து, அவளையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். டீச்சர் எவ்வளவோ மன்றாடினார். "ஏனுங்க டீச்சர், வளைவு எண்றதுக்கா திரும்பி வர முடியும்? வேல இருக்கற எடத்துலதானுங்க நாங்க இருக்கோணும்" என்றார் அவர். அன்று மாலை டீச்சர் அவள் பக்கத்தில் ‘இறங்கியது 70’ என்று எழுதினார்.

ஜூனிலும் அவள் வரவில்லை. "ஏறியதுல சைபர் போட்டுருங்க டீச்சர், எதுக்கு வீண் ஆசை?" என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "சைபர் போட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க சார். அவ இன்னும் ஏறல, அவ்வளவுதான்."

இந்தப் பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் நானும் போனேன். படுத்தபடியே, "எத்தனைங்க சார்?" என்று கேட்டார். முதலில் புரியவில்லை. பிறகு பலகைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. அடிவாரத்தில் ஒன்று என்றதும், "பாதி முடிஞ்சுது" என்றார். மீதியை ஏறும்போது எண்ணிக்கொள்ளலாம் என்றேன். "எங்கிட்டயே தப்புக் கணக்கா?" என்று சிரிக்கப் பார்த்தார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். வளைவுகளை எண்ணத் தைரியம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் ஐந்து பேர்தான் வந்தார்கள். ஜூனுக்கு மேல் இந்தப் பள்ளி இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். இறங்கியது 70. ஏறியது என்ற இடத்தில் நானே சைபர் போட்டேன். பிறகு தேன்மொழியின் பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அதில் சைபர் போடவில்லை.