என் தாடையை உடைத்த லோகநாயகி

போன வாரம் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வேலை பிரித்து, எல்லாரும் மலைக்குப் போன பிறகு, ஈப்போவிலிருந்து போன் வந்தது. லோகநாயகியின் தங்கை பேசினார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே. ஒரு சத்தம்கூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். துக்கம் சொல்ல வந்தவரிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் அவரை அறிந்த யாருக்கும் அதுதான் முதலில் தோன்றியிருக்கும். வாழ்நாளில் எதையும் சத்தமில்லாமல் செய்யாத ஒருவர் எப்படி அப்படிப் போக முடியும்?

எஸ்டேட் லோரி ஓட்டும் என் தம்பி சேகர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தான். சொன்னேன். "அந்த அக்காவா? தூக்கத்துலயா?" என்றான். பிறகு லோரிச் சக்கரத்தை ஓங்கி உதைத்தான். இன்னொரு முறை உதைத்தான். அவனை நான் தடுக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் தானா ராத்தா அரசாங்கப் பட்டறையில் இஞ்சினியர் மேடம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஆட்களுக்கு, அவர் தோட்டத்துப் பழைய காரை மலையேற வைத்தவர். எனக்கு, என் தாடையை உடைத்தவர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது கியா பார்ம் சந்தைச் சாலையில், பள்ளி விடுமுறை நெரிசலில். காய்கறி லோரி ஒன்று வரிசையை மீறி முன்னேறப் பார்த்து, மோட்டாரில் போன ஒருவரைக் கால்வாயில் தள்ளிவிட்டது. விழுந்தவரின் கால் மோட்டாருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. லோரிக்காரன் இறங்கவில்லை. ஹாரன் அடித்தான். பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெண் இறங்கி, லோரிப் படியில் ஏறி, கதவைத் திறந்து, அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவன் அவர் வாயில் குத்தினான். அவர் அவனைப் பக்கத்து ஸ்ட்ராபெர்ரிக் கடை மேசைமேல் சாய்த்து முகத்தைப் பழங்களுக்குள் அமுக்கினார். எது பழச்சாறு, எது இரத்தம் என்று தெரியவில்லை. நான் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்தேன். முழங்கை என் நெஞ்சில் இறங்கியது.

"யாருடா அது பின்னால?"

"எஸ்டேட் கிராணிங்க."

"கிராணின்னா கணக்கு எழுது. என் கையை ஏன் பிடிக்கிறே? போ, அந்த மோட்டாரைத் தூக்கு."

தூக்கினேன். அதிலிருந்து அவர் எனக்கு லோகாக்கா, நான் அவருக்குக் கிராணி.

கார் கதைக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், ஏதோ ஒரு காலத்து வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. தோட்டத்தின் ஆண்டு விழாவில் அதைப் பங்களா மேடு வரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. லோகாக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைப் பிரித்துப் போட்டார். கையாள் நான். ஒருநாள் கார்புரேட்டர் பக்கத்தில் பித்தளைக் கூடு ஒன்றைத் திறந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு குண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"கிராணி, இங்க வா. அந்தக் காலத்துக் காருக்கு மேடு ஏறுனா மூச்சு முட்டும். ஏன் தெரியுமா? வண்டி சாயும்போது உள்ள இருக்கிற பெட்ரோலும் சாயும். கூடுதலா இஞ்சினுக்குள்ள போகும். மேல போகப்போகக் காத்தும் மெலிசு. பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி. கரும்புகை விட்டு நின்னு போயிடும். டிரைவர் ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில காத்தைத் திறக்கிற பிடின்னு மல்லுக்கட்டணும். இதைச் செஞ்சவன் அதுக்குத்தான் குண்டு தொங்கவிட்டிருக்கான். வண்டி சாஞ்சாலும் குண்டு நேராத்தானே தொங்கும்? அந்த வித்தியாசத்துல காத்துக் கதவு தானாத் திறந்துக்கும். இறக்கத்துல தானா மூடிக்கும்."

அன்று அவர் சிரித்தது போல வேறெப்போதும் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு நீடிக்கவில்லை. நேரான மேட்டில் கார் அழகாக ஏறியது. கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்டதும் கரும்புகை கக்கியது. அங்கிருந்து விருட்டென்று கிளப்பினால் இஞ்சின் துப்பாக்கி வெடிப்பது போல வெடித்தது. லோகாக்கா ஸ்பேனரைக் கொட்டகைச் சுவரில் வீசினார். தகரம் கிழிந்தது.

"பிரேக் போட்டா குண்டு முன்னால ஆடுது. இறக்கம்னு நெனச்சுக் காத்தை மூடுது. கிளப்பினா பின்னால ஆடுது. பெரிய மேடுன்னு நெனச்சுக் காத்தை முழுசாத் திறந்துடுது. பெட்ரோல் பத்தாம இஞ்சின் திருப்பி நெருப்பைத் துப்புது. மேட்டுக்கும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாக் குண்டு!"

குண்டு ஓர் அளவுக்கு மேல் பின்னால் போகாதபடி தடுப்பாகச் சின்னதாக ஓர் இரும்புப் பின்னைப் பற்றவைத்தார். வெடிப்பு நின்றது. ஆனால் காற்றுக் கதவு முழுதாகத் திறக்காததால் கடைசிச் செங்குத்தில் வண்டி திணறியது. "அந்தப் பின்னைக் கழட்டினா நல்லா இழுக்கும்லா" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன்.

"கழட்டிப் பாரு. உன் பல்லைக் கழட்டுறேன்."

விழா நாளில் நான்தான் ஓட்டினேன். பின் இருக்கையில் என் அம்மா பவுனம்மா. அந்தச் சரிவில் கொழுந்தெடுத்தே ஓய்வு பெற்றவர். துரைமார் மட்டுமே உட்கார்ந்த இருக்கையில் அவரை உட்காரவைக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கியவர் லோகாக்கா. அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தார். லோகாக்கா கடைசி வளைவில் நின்றுகொண்டார். இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டுமாம்.

அந்த வளைவில் விருந்தினர் சிலர் படம் பிடிக்கச் சாலைக்கே வந்துவிட்டார்கள். செங்குத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் ஒதுங்கியதும், பின்னால் உருளாமல் இருக்க இஞ்சினை முழுதாக முறுக்கிக் கிளப்பினேன். கார் எகிறியது. எகிறிய வேகத்தில் வெடித்தது. இஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து நெருப்பு நாக்கு ஒன்று வெளியே வந்தது. பெட்ரோல் சொட்டிய இடமெல்லாம் பற்றிக்கொண்டது. இஞ்சின் நின்றது. கைப்பிரேக் தாங்கவில்லை. கார் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. கீழே கூட்டம். ஸ்டியரிங்கை ஒடித்துத் தேயிலைக்குள் விட்டேன். செடிகள் முறிகிற சத்தம், அம்மாவின் அலறல், கார் ஒருக்களித்து விழுந்த அதிர்ச்சி. நான் தூக்கி எறியப்பட்டேன்.

எழுந்தபோது அம்மாவின் சேலை எரிந்துகொண்டிருந்தது. நான் போவதற்குள் லோகாக்கா போய்விட்டார். அம்மாவை வெளியே இழுத்துப் போட்டு, எரியும் சேலையை வெறுங்கையால் அடித்து அடித்து அணைத்தார். கருகிய துணி அவர் உள்ளங்கைகளில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்துப் போட்டார். தோலும் சேர்ந்து வந்தது. பிறகு எழுந்து என்னிடம் வந்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஸ்பேனர் கையில் இருந்தது.

"கழட்டிட்டியாடா! பின்னைக் கழட்டிட்டியா!"

"இல்ல..." என்றேன். ஸ்பேனர் தாடையில் இறங்கியது. அதற்குமேல் சொல்ல வாய் இல்லை. சத்தம் வெளியே கேட்டதா தெரியாது. என் மண்டைக்குள் கேட்டது, காய்ந்த விறகு முறிகிற மாதிரி.

நான் விழுந்ததைப் பார்த்த சேகர், பக்கத்தில் நின்றவரின் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து லோகாக்காவின் கழுத்தில் வைத்தான். லோகாக்கா அசையவில்லை. கத்தியைப் பார்க்கவுமில்லை. எரியும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்து ஆட்கள் சுற்றி நின்று, "வெட்டுடா" என்று கத்தினார்கள். அவர்களில் நான் தினமும் பெரட்டில் பேர் எழுதுகிற சாதுவான ஆட்களும் இருந்தார்கள்.

தரையில் கிடந்த அம்மாதான் நிறுத்தினார். "சேகரு! மொதல்ல என்னைத் தூக்குடா. வெட்டறதை அப்புறம் வெச்சுக்க."

தானா ராத்தா மருத்துவமனையில் அம்மா ஒரு வார்டிலும் நான் ஒரு வார்டிலும். என் பற்களைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். லோகாக்கா தானே போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். பின்னால் வழக்கு நடந்தது. தண்டனையும் கிடைத்தது. வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வழக்குக்கெல்லாம் முன்பே, நான் வீடு திரும்பியதும் ஒரு காலை அவர் பெரட்டுக்கு வந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. மேனேஜர் வழிமறித்தார். "வேணாம் மேடம். கார் தானா எரிஞ்சதுன்னே இருக்கட்டும். இன்சூரன்ஸ்ல பிரச்சினை வரும்." லோகாக்கா அவரைத் தோளால் தள்ளிவிட்டு ஆட்கள் முன்னால் வந்து நின்றார். கட்டுப் போட்ட விரல்களுக்கிடையில் கருகிய இரும்புத் துண்டு ஒன்று.

"இது அந்தப் பின்னு. சாம்பலைச் சலிச்சு எடுத்தேன். கிராணி இதைக் கழட்டல. நான் பத்த வெச்ச இடத்துல உடைஞ்சிருக்கு. என் வேலை சரியில்ல. பவுனம்மா கால் வெந்தது என்னால. நான் அடிச்சது தப்பான ஆளை."

அவர் சொல்லாமலிருந்தால் எங்களில் ஒருவருக்கும் அந்தத் துண்டு என்னவென்றே தெரிந்திருக்காது. நான்தான் கழற்றினேன் என்று என் சொந்தக்காரர்களே பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சேகர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். "அப்ப நான் உங்களை அடிக்கலாமா?"

"அடி."

அறைந்தான். அவர் தலை ஒரு பக்கம் திரும்பி நின்றது. உதட்டில் இரத்தம். மெதுவாகத் திரும்பினார். "ஒண்ணுக்கு நான் கடன்பட்டவ. ரெண்டாவது அடிச்சே, திருப்பி அடிப்பேன்."

சேகர் அவரைப் பார்த்தான். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு லோரிப் பக்கம் போய்விட்டான்.

அன்று மாலையிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அம்மாவின் காலுக்கு மருந்து போடுவார். கம்பி கட்டிய வாயோடு ஸ்ட்ராவில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் என் எதிரே உட்கார்ந்து, குண்டைப் பற்றிப் பேசுவார். பதில் பேச முடியாத ஆளிடம் இப்படி வாதாடியவரை நான் பார்த்ததில்லை. எரிச்சல் தாங்காமல் ஒருநாள் ஒரு தாளில் "போங்கள்" என்று எழுதிக் காட்டினேன். படித்தார். "போறேன். இதை மட்டும் கேளு. குண்டை ஆடாம நிறுத்தப் பாத்தது தப்பு. ஆடட்டும், ஆனா மெதுவா ஆடணும். எண்ணெய்க்குள்ள முக்கிவிட்டா? மேடு நீளமா இருக்கும், ஆட்டம் உடனே போயிடும்ல? பிரேக் ஒரு நொடியில முடிஞ்சிடும். அதுக்குள்ள குண்டு நகர்ந்திருக்காது."

எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கோபமாக இருந்தது.

காரின் மரமெல்லாம் கருகிவிட்டது. இஞ்சின் பிழைத்துக்கொண்டது. பலகையில் இருக்கை அடித்து, குண்டுக்கு எண்ணெய்க் கிண்ணம் செய்து, அவர் மறுபடி அதைக் கிளப்பிய அன்று விருந்தினர் யாரும் இல்லை. நான் ஓட்ட மறுத்தேன். அவரே ஓட்டினார். வெற்று வண்டியாகப் போக வேண்டியது. அம்மா ஊன்றுகோலோடு வந்து கதவைப் பிடித்தார்.

"அம்மா, வேணாம்" என்றேன்.

"பாதியிலதானே வந்தேன். மிச்சத்தையும் பார்க்கிறேன்" என்று ஏறிவிட்டார். அம்மா ஏறிய பிறகு நான் கீழே நிற்க முடியுமா? மணல் வாளியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன்.

கடைசி வளைவில் லோகாக்கா வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அதே செங்குத்தில் விருட்டென்று கிளப்பினார். இஞ்சின் இருமவில்லை. புகை விடவில்லை. ஏறிக்கொண்டே போனது. பின்னாலிருந்து அம்மா, "இவ்வளவுதானா மேடு? கூடையோட ஏறுனப்ப இன்னும் உசரமா இருந்துச்சே" என்றார். லோகாக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். நான் வாளியை இறக்கிவைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஓய்வு பெற்று ஈப்போவுக்குப் போன பிறகும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை, மருந்துக்கடையில் சண்டை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னிடமும் சண்டை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. அந்தப் பேச்சு வராமலே எங்களுக்குள் வயதாகிவிட்டது.

சுடுகாட்டில் அவருடைய உறவினர் ஒருவர், "ரவுடி மாதிரி வாழ்ந்துட்டுப் போயிட்டா" என்று முணுமுணுத்தார். சேகர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். நானும் இன்னும் ஒருவரும் சேர்ந்துதான் பிரித்தோம். "நான் அடிச்சிருக்கேன் அவங்களை! நான் பேசலாம், நீ பேசக்கூடாது!" என்று கத்திக்கொண்டே அவன் அழுதான். சிதைக்குப் பக்கத்தில் ஒரு கைகலப்பு. லோகாக்கா பார்த்திருந்தால் நடுவில் இறங்கியிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அந்தக் காரைப் பற்றி யார் கேட்டாலும், மேனேஜர் அழைத்துவரும் பெரிய ஆட்கள் கேட்டாலும், எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து அவர் தொடங்கியதே இல்லை. "மொதல்ல நான் ஒரு நல்ல மனுசன் தாடையை உடைச்சேன்" என்றுதான் தொடங்குவார். கேட்டவர் திடுக்கிட்டுப் போவார். மேனேஜர் நெளிவார். அவர் ஒன்றையும் விடாமல் சொல்லி முடிப்பார்.

இனி யாராவது கேட்டால் சொல்ல நான்தான் இருக்கிறேன். கதை நல்லபடியாக முடிகிறதே, நடுவில் நடந்ததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.