என் குதிகாலும் தங்கையின் பயிற்சி வகுப்பும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போனேன். என் தங்கை ஜெசிந்தா அங்கே ஊர் சுகாதாரப் பணியாளர் வேலைக்குப் பயிற்சியில் இருக்கிறாள். அனுபவமுள்ள ஒருவரோடு ஆறு மாதம் வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். அவளைப் பார்த்துவிட்டு ஊரையும் சுற்றலாம் என்பது திட்டம்.

விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இறங்கியதும் கடற்கரைக்குப் போய், செருப்பைக் கையில் பிடித்தபடி ஆசை தீர மணலில் நடந்தேன். பிறகு, தங்கையின் வகுப்பு நடக்கும் இடத்துக்கு ஆட்டோ. "கோரிமேடா? நூத்தம்பது ஆவும் சார்" என்றார் ஓட்டுநர். நான் பேரம் பேசவில்லை. நீங்கள் பேசிப் பாருங்கள்.

வகுப்பில் அன்று, சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதிக்கும் பாடம். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வளையும்வரை அழுத்துவார்கள். எனக்கும் எட்டு வருடமாகச் சர்க்கரை. "இதோ நான் இருக்கேனே" என்று பந்தாவாகக் காலை நீட்டினேன்.

"கண்ண மூடிக்கண்ணா. தொடுறப்பல்லாம் 'ம்'னு சொல்லு" என்றாள் ஜெசிந்தா.

மூடினேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இழையைத் தேடுகிறாளோ என்னவோ. பொறுமை போய், "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றேன்.

"முடிச்சிட்டேண்ணா."

கண்ணைத் திறந்தால் அவள் முகம் வெளிறிக் கிடந்தது. "நீ ஒழுங்கா அழுத்தியிருக்க மாட்ட" என்று சிரித்தேன். அவளுக்குக் கற்றுத்தரும் சாந்தி அக்கா இழையை வாங்கி முதலில் என் கையில் அழுத்தினார். நன்றாகத் தெரிந்தது. அப்புறம் காலில். என் கண்ணெதிரே இழை வளைந்தது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இடது காலைத் திருப்பியவர், "இன்னா சார் இது?" என்றார். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு. சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் சுற்றியிருக்கிறேன்! அது என் கால்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புண் ஆறினால் கால் தப்பும், ஆறாவிட்டால் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

சர்க்கரை உள்ளவர்கள் தாராளமாக இங்கே வாருங்கள், ஆனால் கடற்கரையில் செருப்பைக் கழற்றாதீர்கள். அறைக்குத் திரும்பியதும் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வலிக்கவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நான் இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைக்கும்போதெல்லாம், "வலிக்குதாண்ணா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருக்கிறது.